பண்பாட்டு அட்டையின் ஐந்தாம் கேள்வி

ஜூலை 3, திங்கள்

‘பன்முகப் பண்பாடும் கற்பித்தலும்’ என்ற புதிய தாள் இன்று என் தலையில் கட்டப்பட்டது. அதை நடத்த வேண்டிய அம்மையார் வங்கி வேலை கிடைத்துப் போய்விட்டார். பண்பாட்டைவிட வங்கி நிலையானது என்று அவர் முடிவு செய்ததில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

முதல்வர் சென்னியப்பன் அறைக்கு அழைத்தார். “வாங்க திருமூர்த்தி சார், ஒக்காருங். நம்ம காலேஜ்ல நீங்கதான் நாலு புஸ்தகம் படிக்கற ஆளு. பி.எட். பசங்களுக்கு இந்தப் பேப்பர நீங்களே எடுத்துருங்.” ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி தர மதிப்பீட்டுக் குழு வருகிறதாம். நம் மாணவ ஆசிரியர்கள் பயிற்சிக்குப் போகும் பள்ளி ஒன்றையும் அது பார்க்கும். அங்கே பண்பாடு கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்றார்.

நூலகத்தில் இதற்கென்று இருந்த ஒரே புத்தகத்தை எடுத்து வந்தேன். ஒன்பது ஆண்டுகளில் அதை எடுத்த முதல் ஆள் நான். குழந்தையின் வீட்டை வகுப்பறைக்குள் கொண்டுவர வேண்டும் என்கிறது. தன் மொழியும் சாப்பாடும் சாமியும் பாடத்தில் இருப்பதைக் காணும் குழந்தை நிமிர்ந்து உட்காருமாம். உதாரணங்கள் எல்லாம் பனி பெய்யும் ஊர்களில் நடக்கின்றன.

மாணவர்கள் பயிற்சிக் காலத்தில் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்று பாடத்திட்டத்தில் இருக்கிறது. முன்மாதிரியாக நானும் தொடங்கிவிட்டேன். எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்று பாடத்திட்டத்தில் இல்லை.

ஜூலை 6, வியாழன்

பாடத்திட்டக் குறிப்புகளைத் திருத்தினேன். இந்த ஆண்டு ‘பண்பாட்டுப் பொருத்தம்’ என்று ஒரு பத்தி புதிதாகச் சேர்ந்திருக்கிறது. நாற்பது பேரில் முப்பத்தொரு பேர் அதில் ‘மாணவர்கள் பொங்கல் விழாவை அறிந்துள்ளனர்’ என்று எழுதியிருந்தார்கள். மின்னோட்டத்துக்கும் பொங்கல்தான், அமிலம் காரத்துக்கும் பொங்கல்தான். செரிமான மண்டலத்துக்குப் பொங்கல் எழுதியவனை மட்டும் பாராட்டினேன்.

வழக்கமாக எல்லாரும் சென்ற ஆண்டு சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதுவார்கள். சென்ற ஆண்டு இந்தப் பத்தியே கிடையாது. அப்படியானால் முதல் பொங்கலை வைத்தது யார் என்று மதியம் வரை விசாரித்தேன். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைக் காட்டினார்கள்.

ஜூலை 9, ஞாயிறு

தயிர் சாதம். துணி காயப்போட மாடிக்கு வந்த வீட்டுக்கார அம்மா சமையலறை ஜன்னல் பக்கம் நின்று, “இன்னிக்கும் தயிருதானுங்களா வாத்தியாரே” என்றார். ஆமாம் என்றேன். திருப்தியாகப் போனார்.

ஜூலை 11, செவ்வாய்

பொங்கலை ஒழிக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். மாணவ ஆசிரியர் முதலில் தன் வகுப்புக் குழந்தைகளை அறிந்துகொள்ள வேண்டும். அதற்கு ஓர் அட்டை. ஒவ்வொரு குழந்தையும் நிரப்பித் தரும், அதை வைத்துப் பாடம் அமையும். பெயர்: பண்பாட்டு அட்டை.

கேள்விகளை எழுத உட்கார்ந்தபோது இரண்டே நிமிடத்தில் வரிசையாக வந்து விழுந்தன. வீட்டில் பேசும் மொழி. வீட்டுச் சாமி. ஞாயிற்றுக்கிழமை என்ன சாப்பாடு. அப்பா அம்மா என்ன வேலை. எந்தப் புத்தகத்திலும் இவற்றை நான் பார்த்ததில்லை. ஆனால் வரிசை மனப்பாடமாக இருந்தது. எங்கே கேட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை.

முதல்வருக்கு மிகவும் பிடித்துவிட்டது. “ஒண்ணு மட்டும் சேத்துக்குங் சார். வீடு எந்தத் தெருன்னு. அப்பத்தான் ஊர் மேப்பு போட்டு, அட்டையெல்லாம் அந்தந்த எடத்துல ஒட்டிச் செவுத்துல மாட்டலாம். கமிட்டி வந்தா ஒரே பார்வைல தெரியோணும்.”

ஐந்தாவது கேள்வி சேர்ந்ததும் பட்டியல் முழுமையான மாதிரி இருந்தது. அதுவும் ஏன் என்று தெரியவில்லை.

ஜூலை 14, வெள்ளி

அக்கா அழைத்தாள். கைபேசியை எடுத்துக்கொண்டு பணியாளர் அறையிலிருந்து, எந்நேரமும் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் போய்ப் பேசினேன். எனக்கு அங்கேதான் சிக்னல் கிடைக்கும் என்பது கல்லூரி முழுதும் அறிந்த விஷயம். கைபேசி நிறுவனத்தை மாற்றச் சொல்லி மூன்று பேர் அறிவுரை சொல்லியிருக்கிறார்கள். என்ன மொழியில் பேசினேன் என்பது இந்தக் குறிப்புக்குத் தேவையில்லை.

ஜூலை 19, புதன்

பயிற்சிப் பள்ளிக்குப் போனேன். எங்கள் மாணவி வினோதினி அங்கே ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறாள். நெல்லும் தென்னையும் உள்ள பெரிய வீட்டுப் பெண். ரெக்கார்டில் பொங்கல் எழுதாத ஒன்பது பேரில் ஒருத்தி.

வகுப்பில் முப்பத்து நான்கு பேர். அவர்களில் பிகாஷ் என்ற பையனை முதல்வர் ஏற்கெனவே கண்டுவைத்திருக்கிறார். அப்பாவும் அம்மாவும் ஒடிசாவிலிருந்து வந்து பனியன் கம்பெனியில் வேலை செய்பவர்கள். குழுவுக்குக் காட்ட இதைவிட நல்ல பன்முகம் கிடைக்காது என்பது அவர் கருத்து.

“உங்க ஊர்ல என்னப்பா விசேஷம்?” என்று கேட்டேன்.

“நோம்பிதானுங் சார். மாரியம்மனுக்கு.”

“நான் கேக்கறது ஒடிசாவுல.”

“எனக்கு எப்புடிங் சார் தெரியும்? நான் பொறந்ததே பல்லடத்துலதானுங்.”

பக்கத்துப் பையன்கள் சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான்.

ஜூலை 23, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போய் வந்தேன். கொடுத்துவிட்ட டிபன் பாக்ஸைப் பேருந்து நிலையத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டு முடித்து, சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவி, முகர்ந்து பார்த்து, பிறகு வீட்டுக்கு வந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் ஏன் முகர்கிறேன் என்று கேட்டார். சுத்தம் என்றேன்.

ஜூலை 27, வியாழன்

பிகாஷுக்கு ஒடிசா உடை வேண்டும் என்று முதல்வர் ஆள் அனுப்பினார். நடன உடை வாடகைக் கடையில் கேட்டதற்கு, கண்ணாடிச் சில்லு தைத்த குஜராத்தி உடை ஒன்று வந்தது. அதுதான் இருந்ததாம்.

“இதுங்களா சார் எங்க ஊர் டிரெஸ்ஸு?” என்று பிகாஷ் கேட்டான்.

பதினெட்டாம் தேதி மட்டும் ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 3, வியாழன்

அட்டைகளைப் பார்க்கப் பள்ளிக்குப் போனேன். எல்லாம் வந்துவிட்டன, ஒன்று மட்டும் இரண்டு முறை. மகாஸ்ரீ என்ற மாணவி முதலில் வெற்று அட்டையைத் திருப்பித் தந்திருக்கிறாள். படிப்பில் முதல் மூன்று பேரில் வருபவள். ஐந்து கேள்விக்கும் விடை தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. வினோதினி மறுபடி கொடுக்கவில்லை. வகுப்பாசிரியர் கொடுத்திருக்கிறார். மறுநாள் நிரம்பி வந்தது.

மொழி: தமிழ். சாமி: முருகன். ஞாயிறு: தயிர் சாதம். அப்பா அம்மா வேலை: ஆபீஸ். தெரு: மெயின் ரோடு.

நான் பார்த்த வரையில் குறை ஒன்றும் இல்லை. நானே நிரப்பிய மாதிரி இருந்தது. கையெழுத்தும் நன்றாக இருக்கிறது.

வகுப்பாசிரியருக்குத்தான் உறுத்தல். “மெயின் ரோட்டுல வீடே கெடையாதுங் சார், பூராவும் மில்லு. இவங்கப்பன் பேரூராட்சில குப்பை வண்டி தள்றாரு. என்ன ஆபீஸுங்கறீங்க?” என்றார். எல்லார் முன்னாலும்தான் சொன்னார். மகாஸ்ரீ புத்தகத்தில் ஒரு படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் படம் ஏற்கெனவே வண்ணப்படம்.

ஆகஸ்ட் 10, வியாழன்

வினோதினி கல்லூரிக்கு வந்து, வரைபடத்தில் அட்டைகளை ஒட்ட முடியாது என்று சொல்லிவிட்டாள்.

“ஏம்மா?”

“சார், இந்த அஞ்சு கேள்விய நீங்க எங்கிருந்து எடுத்தீங்க?”

நானே எழுதியது என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

“தப்பா நெனச்சுக்காதீங்க சார். எங்கம்மா யார் வீட்டுக்குப் புதுசா வந்தாலும் இதே அஞ்சத்தான் கேப்பாங்க. சும்மா பேச்சு குடுக்கற மாதிரி. பதில் வந்தப்பறந்தான் எந்த டம்ளர்ல தண்ணி குடுக்கறதுன்னு உள்ள போவாங்க. நான் கேக்கற வீட்டுல வளந்தவ சார், அதனால எனக்குப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. இந்தப் பக்கத்துல வீட்டுல தெலுங்கு பேசறோம்னு ஒரு புள்ள எழுதுச்சுன்னா, அடுத்த கேள்வி எந்தத் தெருன்னுதான வரும்? தெலுங்கு ரெண்டு பக்கமும் பேசறாங்க, தெருவச் சொன்னாத்தான சாதி தெரியும். நீங்க அதையும் அட்டையிலயே போட்டுட்டீங்க.”

ஐந்தாவது கேள்வி முதல்வருடையது என்று சொன்னேன். சொன்ன பிறகு அது பதில் இல்லை என்று தெரிந்தது.

“அந்தப் புள்ள பொய் எழுதல சார். நாம கேட்டதுக்கு அதுக்கு வேற வழி தெரியல.”

அவள் போன பிறகு புத்தகத்தை எடுத்து மறுபடி படித்தேன். குழந்தையின் வீட்டை வகுப்பறைக்குள் கொண்டுவர வேண்டும் என்றுதான் இன்னமும் இருந்தது. கொண்டுவந்த வீட்டை வகுப்பறை என்ன செய்யும் என்று எந்த அத்தியாயத்திலும் இல்லை. பொருளடக்கத்தையும் பார்த்துவிட்டேன்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

நினைவு வந்துவிட்டது. இந்த ஊருக்கு வேலை மாறி வந்தபோது வாடகை வீடு கேட்டு ஒன்பது வீட்டுப் படி ஏறினேன். ஒன்பதிலும் இதே கேள்விகள், ஏறத்தாழ இதே வரிசையில். எட்டு இடங்களில் உண்மையைச் சொன்னேன். ஒன்பதாவது வீட்டில் குடியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 14, திங்கள்

முதல்வருக்கு விஷயம் போய்விட்டது.

“என்னங் சார், ஒரு புள்ள ஒட்ட மாட்டேங்குதாமா? பயிற்சில குடுத்த வேலைய செய்யலைன்னா ரெக்கார்டுல கையெழுத்துப் போடாதீங். அடுத்த வருசம் மறுபடி வந்து செய்யட்டும்.”

வினோதினிக்கு ஓர் ஆண்டு போய்விடும் என்றேன். அது அவள் யோசித்திருக்க வேண்டியது என்றார். பிறகு குரலைத் தணித்து, “முப்பத்து மூணு அட்டை உண்மை, ஒண்ணு பொய்யின்னா கமிட்டி நம்பாது. தரவு சுத்தமா இருக்கோணும். நீங்களே போய் அந்தப் புள்ளைய ஒக்கார வெச்சு, நெசத்தக் கேட்டு எழுதீருங். நீங்க பக்குவமாக் கேப்பீங்க” என்றார்.

என்னுடைய சாதிச் சான்றிதழ் இவருடைய அறையில், என் பணிக் கோப்பில், ஆறு ஆண்டுகளாக இருக்கிறது. கோப்புகளை யாரும் திறப்பதில்லை என்பது இந்தக் கல்லூரியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

கொடியேற்றினோம். ஆரஞ்சு மிட்டாய்.

ஆகஸ்ட் 16, புதன்

பள்ளிக்குப் போய் மகாஸ்ரீயின் பெஞ்சில் எதிரே உட்கார்ந்தேன். புதிய அட்டை ஒன்றும் பேனாவும் எடுத்து வைத்தேன். பக்குவமாகக் கேட்பது எப்படி என்று யோசித்தேன். வீட்டுக்கார அம்மாவும் அன்றைக்குப் பக்குவமாகத்தான் கேட்டார், மோர்கூடக் கொடுத்தார்.

“வீட்டுல என்ன பேசுவீங்க பாப்பா?”

“தமிழுங் சார்.”

“வீடு எந்தப் பக்கம்?”

அவள் அட்டையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன்.

“நீங்க எந்தத் தெருங் சார்?”

முன்பெஞ்சில் நான்கைந்து பேர் திரும்பினார்கள். பிகாஷ், “சார் காலேஜ் வாத்தியாரு, டவுன்லதான் இருப்பாரு, போடி” என்றான். சாப்பாட்டு மணி அடித்தது. நான் இதுவரை கேட்ட மணிகளில் அதுவே சிறந்தது. வெற்று அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 17, வியாழன்

காலையிலேயே பள்ளிக்குப் போனேன். வினோதினி வரைபடத்தைச் சுவரில் மாட்டியிருந்தாள். ஊர், குளம், கோயில், தெருக்கள், எல்லாம் இருந்தன, அட்டைகள் இல்லை.

முப்பத்து நான்கு அட்டைகளையும் குழந்தைகளிடமே திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னேன். வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். பிறகு அவளுடைய ரெக்கார்டை வாங்கிக் கடைசிப் பக்கம் வரை கையெழுத்துப் போட்டேன்.

“முதல்வர் கேட்டா என்னங் சார் சொல்லுவீங்க?”

அது எனக்கும் தெரியவில்லை என்றேன்.

“செவுரு காலியா இருக்குதுங்களே சார்.”

இருந்தது. அவ்வளவு பெரிய வரைபடத்தில் ஓர் அட்டைகூட இல்லாமல் இருந்தால் குழுவுக்கு ஒன்றும் புரியாது. நேற்று பையில் போட்டது அங்கேயே இருந்தது. எடுத்து நிரப்பினேன்.

பெயர்: ச. திருமூர்த்தி. மொழி: தெலுங்கு. சாமி: மதுரை வீரன். ஞாயிறு: மாட்டுக்கறி, அக்கா வீட்டில். அப்பா அம்மா வேலை: இருவரும் நகராட்சித் துப்புரவு. தெரு: தெருக்கள் எல்லாம் முடிந்தபிறகு வரும் வளவு.

சுவர் காலியாக இருக்கக் கூடாது என்பதற்காக மட்டும்தான் ஒட்டினேன். குண்டூசி குத்தும்போது கட்டைவிரலில் பட்டுவிட்டது.

வினோதினி படித்தாள். தன்னுடைய அட்டை ஒன்றை நிரப்பி வரைபடத்தின் மறுகோடியில் பெரிய வீட்டுப் பக்கம் ஒட்டினாள். வகுப்பில் பிள்ளைகள் வந்து எட்டிப் பார்த்தார்கள். மகாஸ்ரீ கடைசியாக வந்து, வரி விடாமல் படித்தாள்.

“ஞாயித்துக்கெழம தயிர் சாதம் இல்லீங்களா சார்?”

“இல்ல.”

“எங்க வீட்லயும் இல்லீங்” என்றாள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். புத்தகத்தில் சொன்னபடி நிமிர்ந்து உட்கார்ந்தாளா என்று கவனித்தேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

ஆகஸ்ட் 18, வெள்ளி

குழு வந்தது. தலைவர், ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவர், அமைதியானவர். பிகாஷைக் கண்ணாடிச் சில்லு உடையில் முன்னால் நிறுத்தியிருந்தார்கள்.

“உங்க ஊர் எதுப்பா?”

“பல்லடங் மேடம்.”

“இந்த டிரெஸ்?”

“வாடகைங் மேடம்.”

முதல்வர் அவசரமாக அவரை வரைபடத்தின் பக்கம் திருப்பினார். திருப்பிய பிறகுதான் அட்டைகள் இல்லை என்பதைக் கவனித்தார். இரண்டே இரண்டு இருந்தன. பேராசிரியை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் அட்டையை முழுதும் படித்தார். அவர் தோளுக்குப் பின்னாலிருந்து முதல்வரும் படித்தார். ஆறு ஆண்டுகளாக அவர் அறையில் இருந்த செய்தி, இன்றுதான் அவரிடம் போய்ச் சேர்ந்தது.

“நல்ல யோசனை” என்றார் பேராசிரியை. “பசங்ககிட்ட கேக்காம, கற்பனையா ஒரு மாதிரி அட்டை வெச்சிருக்கீங்க. யாரையும் சங்கடப்படுத்தாது.”

முதல்வர் ஒரு கணம்கூடத் தாமதிக்கவில்லை. “ஆமாங் மேடம், மாதிரிதானுங். சார்தான் கற்பனை பண்ணி எழுதுனாரு.” என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எனக்கு உதவத்தான் செய்தார் என்று இப்போதும் நினைக்கிறேன். நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. சும்மா நின்றிருந்தால் போதும். பன்னிரண்டு மணிக்குள் குழு கிளம்பிவிடும். அட்டை மாதிரியாகவே குப்பைக் கூடைக்குப் போகும். ஞாயிறு தயிர் சாதம்.

மூன்றாவது வரிசையில் மகாஸ்ரீ தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். பேனா மட்டும் நகரவில்லை.

“மாதிரி இல்லீங் மேடம்” என்றேன். “அது என்னோடது.”

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். “தெலுங்கா?” என்றார். பிறகு அவசரமாக, “இல்ல, சும்மா கேட்டேன்” என்றார். அடுத்த கேள்வி அவர் வாய் வரை வந்து நின்றதைப் பார்த்தேன். நல்லவர், கேட்கவில்லை. அதுதான் ஏற்கெனவே எழுதியிருக்கிறதே.

தேநீர் வந்தது. முதல்வர் தட்டை எடுத்து, தானே என்னிடம் நீட்டினார். இதற்கு முன் அவர் யாருக்கும் தட்டு நீட்டி நான் பார்த்ததில்லை. “சொல்லியிருக்கலாமேங் சார். நம்ம காலேஜ்ல யாரும் அப்புடியெல்லாம் பாக்கறதில்லீங்களே” என்றார். பேச்சில் மரியாதைக்குப் போடும் ‘ங்’ சற்றுக் கூடியிருந்த மாதிரியும் இருந்தது, குறைந்திருந்த மாதிரியும் இருந்தது. என் கையில் இருந்ததையும் அவர் கையில் இருந்ததையும் பார்த்தேன். இரண்டும் காகிதக் கப். அதிலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

கிளம்பும்போது குழு உறுப்பினர் ஒருவர் அட்டையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். எங்கெங்கே போகும் என்று தெரியாது. ஊரில் எல்லாரும் எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் இருக்கிறார்கள். வீட்டுக்கார அம்மா பதினொன்றில் இருக்கிறார்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

மாடியில் துணி காயப்போட வீட்டுக்கார அம்மா வந்தார். ஜன்னல் பக்கம் வரவில்லை. துணி நிறைய இருந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 21, திங்கள்

செய்தது சரியா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. வினோதினி பயிற்சியை முடித்துவிடுவாள். பள்ளியில் வரைபடம் அப்படியே இருக்கிறதாம். என் அட்டைக்குப் பக்கத்தில், ஓர் எழுத்தும் இல்லாத வெற்று அட்டை ஒன்று புதிதாகக் குத்தியிருக்கிறதாம். யார் வைத்தது என்று யாரும் சொல்லவில்லையாம். எடுக்க வேண்டாம் என்றேன்.

புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்தேன்.

மதியம் அக்கா அழைத்தாள். பணியாளர் அறையில் ஏழு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பாதி எழுந்தேன், உட்கார்ந்துவிட்டேன், உட்கார்ந்த இடத்திலேயே எடுத்தேன். சிக்னல் நன்றாகவே இருந்தது. இரண்டு பேர் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருவர் ஊறுகாயை என் பக்கம் நகர்த்தினார்.

அக்காவுக்குத்தான் குழப்பம். அவள் கேட்டதை இங்கே தமிழில் எழுதுகிறேன்:

“ஏண்டா, தண்ணி விழற சத்தமே கேக்கல. எங்கிருந்துடா பேசற?”